லூயிஸ் சாரும் கடைசிப் பதினாறு பக்கங்களும்

நாவல் படிக்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்று யாராவது உங்களிடம் வந்து புலம்பினால் பதறாதீர்கள். குறைந்தால் என்ன? நாவலைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறவர்கள் பெருகிக்கொண்டேதான் வருகிறார்கள். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் அபிப்பிராயர். உங்கள் தெருவில் ஒருவர் கட்டாயம் இருப்பார். அலுவலகத்தில் இரண்டு பேர். வாட்ஸப் குழு ஒன்றில் நீங்கள் இருந்தால், அங்கே உங்களைத் தவிர எல்லாரும். நாளைக்கு மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்த்து, ஃபோனைப் பார்த்து, தயங்கித் தயங்கிப் பதில் சொல்கிற மனிதர், போன வாரம் வெளிவந்த நானூறு பக்க நாவலைப் பற்றிக் கேட்டால் தயங்கவே மாட்டார். "படிச்சிட்டேன்" என்பார். பிறகு ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சைக் கவனியுங்கள். பாதி விமர்சனம் அதிலேயே முடிந்துவிடும்.

இந்த இனத்தை நான் பன்னிரண்டு வருடமாகப் பக்கத்தில் இருந்து பார்த்து வருகிறேன். ராயபுரத்தில் எங்கள் மனமகிழ் மன்றத்தின் மாடியில் இரண்டு இரும்பு பீரோக்களும் அறுநூற்று நாற்பது நாவல்களும் ஒரு பதிவேடும் இருக்கின்றன. மூன்றுக்கும் நான்தான் காவல். சம்பளம் கிடையாது, சாவி மட்டும் உண்டு. யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், எந்தப் பக்கத்தில் மீன் குழம்பு சிந்தினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வாசகர்களைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்ட ஒருவனுக்கு மரியாதை மிஞ்சுவது கஷ்டம்.

எங்கள் மன்றத்தின் தலைமை அபிப்பிராயர் லூயிஸ் சார். வயது ஐம்பத்தெட்டு. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க், அதாவது பெட்டிகளை எண்ணிக் கையெழுத்துப் போடுகிற வேலை. நியாயமாகப் பார்த்தால் ஒவ்வொரு பெட்டியையும் இறக்கி எண்ண வேண்டும். லூயிஸ் சார் கதவைத் திறப்பார், எதிரே நிற்கும் வரிசையில் எத்தனை என்று பார்ப்பார், உள்ளே எத்தனை வரிசை இருக்கும் என்று ஒரு யோசனை, ஒரு பெருக்கல், ஒரு கையெழுத்து. முடிந்தது. முப்பது வருடமாக அவர் கணக்கு தப்பியதில்லை என்பது அவர் சொல்கிற கணக்கு.

"கன்டெய்னர்ல கடைசியா ஏத்தினதுதான் மாமு கதவாண்ட நிக்கும். அதைப் பாத்தாலே உள்ள இன்னா கீதுன்னு சொல்லிடலாம்" என்பார்.

நாவலுக்கும் அதே வழிதான். முதலில் கடைசிப் பதினாறு பக்கங்களைப் படிப்பார். அது கதவு. பிறகு முன்னால் வந்து நாற்பது பக்கம். பிறகு நடுவில் எங்காவது விரலை விட்டு ஒரு பக்கம். பெருக்கல். கையெழுத்து. புதுப் புத்தகங்களில் சில சமயம் இரண்டு தாள்கள் ஓரம் வெட்டுப்படாமல் ஒட்டிக்கொண்டு வரும். லூயிஸ் சார் திருப்பிக் கொடுக்கும்போதும் அவை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். நான் ஒரு தடவை அதைக் காட்டினேன். "நல்ல எழுத்தாளனா இருந்தா அந்த ரெண்டு பக்கம் இல்லாமயே புரியணும்" என்றார். நான் புத்தகத்தை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

எந்த வகை நாவலும் அவரிடமிருந்து தப்ப முடியாது. சரித்திர நாவலா? "நானூறு குதிர ஓடுது. ஒரு எடத்துலயாவது சாணி கீதா? அப்ப இன்னா ஆராய்ச்சி பண்ணான்?" விஞ்ஞான நாவலா? "ரெண்டாயிரத்து நூத்தித் தொண்ணூறாம் வருசம்னு எழுதுறான். அப்பவும் எண்ணூர் ரோட்ல டிரெய்லருங்க லைன்ல நின்னுகினுதான் இருக்கும். அது தெர்ல அவனுக்கு." பேய் நாவலா? "மணலி ஃபேக்டரிக் காத்தை வருசக் கணக்கா இழுத்தவனை இதெல்லாம் இன்னா பண்ணும்?" காதல் நாவல் என்றால் சிரித்துவிட்டுத் தள்ளி வைப்பார், ஆனால் எங்கள் பீரோவில் உள்ள காதல் நாவல்களில் பிரிவுக் காட்சி வரும் பக்கங்களில் எல்லாம் யார்டில் முத்திரை குத்தி அவர் விரலில் ஏறிய மை ஒட்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பு நாவலுக்கு ஒரே தீர்ப்பு: "மூலத்துல படிக்கணும் மாமு." மூலம் எந்த மொழி என்று கேட்டுவிடாதீர்கள். பாவம்.

வடசென்னையைப் பற்றி யாராவது நாவல் எழுதிவிட்டாலோ லூயிஸ் சாருக்குப் பண்டிகைதான். எழுதியவர் வெளியூர்க்காரர் என்றால், "வெளியாளு. வந்து நாலு ஃபோட்டோ புட்ச்சிட்டுப் போயி எழுதிட்டான்." உள்ளூர்க்காரர் என்றால், "நம்மாளுதான். அதான் எல்லாம் பக்கத்துல நின்னு பாத்துட்டான். கொஞ்சம் தள்ளி நின்னு பாத்திருக்கணும்." எங்கே நின்று பார்த்தால்தான் சரி? வண்ணாரப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் நின்றால் சரியாக இருக்குமா? தெரியவில்லை. அவர் சொல்லவில்லை.

இத்துடன் நின்றிருந்தால் அவரை நான் கட்டுரையில் இழுத்திருக்க மாட்டேன். ஆனால் அபிப்பிராயர்களின் மிகக் கொடிய பழக்கம் ஒன்று உண்டு. முடிவைச் சொல்லிவிடுவார்கள். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், பஸ்ஸிலும், பூசை முடிந்து கோயில் வாசலிலும், சாவு வீட்டிலும் சொல்லிவிடுவார்கள். "முடிவு தெரிஞ்சி படிச்சாதான் எழுத்தை ரசிக்க முடியும்" என்பது லூயிஸ் சாரின் கொள்கை. இந்தக் கொள்கைக்கு இருபத்தாறு வருடமாகப் பலியாகிக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவி எல்சி அக்கா.

எல்சி அக்கா வண்ணாரப்பேட்டையில் ஷாகுல் ஹமீது பாயின் பைண்டிங் கடையில் வேலை செய்கிறார். எங்கள் மன்றத்தின் கிழிந்த புத்தகங்கள் அங்கேதான் போகும். அச்சான தாளைப் பதினாறு பக்கமாக மடித்தால் அதற்கு ஒரு ஃபாரம் என்று பெயர். ஃபாரம் ஃபாரமாக அடுக்கி, ஊசியால் தைத்து, பசை தடவி, அட்டை போட்டுவிட்டால் புத்தகம். இந்த வேலையில் அக்காவின் கை வெகு வேகம். அக்காவுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான், கொலை நாவல். யார் செய்தார்கள் என்று யோசித்துக்கொண்டே ஒவ்வொரு பக்கமாகப் போகிற சுகம். அந்தச் சுகம் அவருக்கு ஒரு தடவைகூட முழுதாகக் கிடைத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மன்றத்துப் புத்தகம் ஒன்றைத் திருப்பி வாங்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் ஒரு கொலை நாவலில் முக்கால்வாசி தாண்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, இரு, இரு என்று கையைக் காட்டினார். அப்போது குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்த லூயிஸ் சார், "இன்னா எல்சி, அந்தக் கம்பவுண்டர்தான்னு இன்னுமா கண்டுபுடிக்கல நீ?" என்றார்.

அக்கா புத்தகத்தை மூடினார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இருபத்தாறு வருசம் ஆச்சு தம்பி. ஒரு கொலகாரனைக்கூட நானா புடிச்சது கெடையாது. எல்லாரையும் இவரே புடிச்சிக் குடுத்துட்டாரு. சாவுறதுக்குள்ள ஒருத்தனையாவது நானே புடிக்கணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் கம்பவுண்டர் விஷயத்தை லூயிஸ் சார் முந்தின வாரமே என்னிடம் சொல்லியிருந்தார். அந்தப் புத்தகத்தைத் திறந்தே பார்க்காத நான் அதை நாலு பேரிடம் சொல்லியிருந்தேன்.

அடுத்த மாதம் எங்கள் மன்றத்துக்கு 'பதினோராம் பெர்த்தில் ஒரு பிணம்' வந்து சேர்ந்தது. துறைமுகத்தில், கப்பலைக் கட்டி நிறுத்தும் பெர்த்தில் நடக்கும் கொலை. சரியாக நானூறு பக்கம். ஊரெல்லாம் அதைப் பற்றியே பேச்சு. அதற்கடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு சாயங்காலம் அதற்கு ஒரு கூட்டம், லூயிஸ் சார் தலைமை என்று நானே அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டேன். உடனே பென்னியும் சில்வியா டீச்சரும் தாங்கள் ஏற்கெனவே ஃபோனில் படித்துவிட்டதாகச் சொன்னார்கள். பென்னி ரயில்வேக்காரர், எதையும் நேரத்துக்கு முன்னால் முடித்துவிட்டதாகச் சொல்கிற ஒரே ரயில்வேக்காரர். சில்வியா டீச்சர் நாவல்களுக்கு நட்சத்திரம் போடுகிறவர்; இதற்கு நாலேகால் போட்டிருந்தார்.

அந்த வாரம் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தை எடுத்தவர் ஒரே ஒருவர்தான், காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் பொன்னுரங்கம். ஐந்து நாள் கடலுக்குக் கொண்டுபோய்விட்டுத் திருப்பிக் கொடுத்தார். கடல் ஈரத்தில் பசை விட்டு, புத்தகம் கட்டுக் குலைந்து வந்திருந்தது. "மன்னிச்சிக்க சார். கீய வெக்க மனசே வரல" என்றார். அதைப் பைண்டிங்குக்கு ஒரு சாக்கில் போட்டு அனுப்பினேன். அதே சாக்கில் 'ஈரக் குடைக்குள் இருவர்' என்ற பழைய காதல் நாவலும் போனது. அதன் முன்பாதியைக் கரையான் தின்றிருந்தது, தேறாவிட்டால் எடைக்குப் போட்டுவிடச் சொல்லியிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கொலை நாவல் கெட்டி அட்டையோடு வந்தது. அன்றே லூயிஸ் சார் எடுத்துப்போனார்.

கூட்டத்தன்று மாடியில் இருபது பேர். லூயிஸ் சார் பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தன் பேச்சைக் கேட்கட்டும் என்று எல்சி அக்காவையும் கூட்டி வந்திருந்தார். அக்கா கடைசி வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

லூயிஸ் சார் எழுந்தார். பெருமூச்சு விட்டார்.

"எல்லாரும் இதைக் கொலை நாவல்னு சொல்லிகினு கீறாங்க. இது கொலை நாவலே கெடையாது. முன்னூத்தி எண்பத்தி நாலு பக்கம் வரைக்கும் இன்ஸ்பெக்டர் பொணத்தைச் சுத்தி வராரு. அடுத்த பக்கம் தெறக்கிறோம். இன்ஸ்பெக்டரைக் காணோம். பொணத்தையும் காணோம். மழை பேஞ்சிகினு கீது. வசந்தின்னு ஒரு பொண்ணு குடையோட பஸ் ஸ்டாப்ல நிக்கிறா. யார் இந்த வசந்தி? இதுக்கு முன்னாடி எங்கனா வந்தாளா? வர்ல. ஏன் வர்ல?" ஒரு நிமிடம் சபையைப் பார்த்தார். "நாமதான் அந்த வசந்தி."

சபையில் சிலிர்ப்பு ஓடியது. யாரோ கை தட்டினார்கள்.

"பக்க நம்பரைப் பாருங்க. முன்னூத்தி எண்பத்தி நாலுக்கு அப்பால நூத்தி எழுபத்தி ஏழு! காலமே பின்னால போவுது. கடைசில மாமியாக்காரி கல்யாணத்துக்குச் சரின்னு சொல்றா. கொலைக்குத் தீர்ப்பு இன்னா? மன்னிப்பு! தமிழ்ல இப்படி ஒரு முடிவு இதுவரைக்கும் வந்ததில்ல."

பென்னியால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. "அந்தக் குடை சார்! அந்தக் குடைக்காகவே நான் ரெண்டு தரம் படிச்சேன்" என்றார். பக்க எண் பின்னால் போன இடத்தில் தனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது என்றார் சில்வியா டீச்சர், ஃபோனில் படித்தவர். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? அதை அப்புறம் சொல்கிறேன்.

ஜன்னலோரத்திலிருந்து பொன்னுரங்கம் எழுந்தார். கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நான் படிச்சதுல குடையே வரல சார்."

"நல்லா படிச்சியா நைனா?" என்றார் லூயிஸ் சார், மிகுந்த இரக்கத்துடன்.

"அஞ்சு நாளு கடல்ல படிச்சேன் சார். ஒரு எழுத்து விடல. வசந்தின்னு யாருமே இல்ல. கடைசில கொலகாரன் யாருன்னு தெளிவா போட்டுகீது சார். அது வந்து, அந்த..."

"அண்ணே! வாயத் தொறக்காத!"

எல்சி அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தார். அந்தக் குரலை நாங்கள் யாரும் அதற்குமுன் கேட்டதில்லை. லூயிஸ் சாரும் கேட்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பொன்னுரங்கம் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா கைப்பையைத் திறந்து, மடித்த தாள் ஒன்றை வெளியே எடுத்தார்.

"இன்னா எல்சி அது?"

"கடைசி ஃபாரம். முன்னூத்தி எண்பத்தஞ்சுலருந்து நானூறு வரைக்கும்."

"அப்ப புக்குல கீறது?"

"அது கரையான் தின்ன புஸ்தகத்தோட கடைசி ஃபாரம். நான்தான் வெச்சித் தெச்சேன். வேற இன்னா பண்ணச் சொல்றே? ஒரே ஒரு தடவ, ஒரே ஒரு கொலகாரனை நானே புடிக்கணும்னு இருந்தேன். புக்கு கடையில கெடந்த ரெண்டு வாரமும் சோறு துன்ற நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா படிச்சி இதுவரைக்கும் வந்துகீறேன். இன்னிக்கு நீ இங்க வந்தப்பறம் வூட்ல நிம்மதியா படிச்சி முடிக்கலாம்னு பாத்தா, வா வான்னு இழுத்துகினு வந்துட்டே. இப்ப யாரும் பேசக்கூடாது. நான் படிக்கப்போறேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். படித்தார்.

பதினாறு பக்கம். பதினெட்டு நிமிடம். மாடியில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். யாரும் எழுந்து போகவில்லை. எப்படிப் போவார்கள்? கொலைகாரன் யார் என்று அந்த அறையில் பொன்னுரங்கத்தைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. யாரையும் கேட்கவும் முடியாது, எல்லாரும்தான் படித்து முடித்தவர்களாயிற்றே! இருபது பேரும் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது பக்கத்தில் "அய்யே" என்றார். பென்னி கழுத்தை நீட்டினார். ஏழாவது பக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டார். சில்வியா டீச்சர் தானும் போட்டுக்கொண்டார். பன்னிரண்டாவது பக்கத்தில் அக்கா தாளை மடியில் வைத்துவிட்டு, "நான் நெனச்ச ஆளுதான்" என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு அழுதுவிட்டார். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த மாடியில் நான் பார்த்ததே இல்லை.

"புடிச்சிட்டியாக்கா?" என்றார் பொன்னுரங்கம், வாயிலிருந்து கையை எடுத்து.

"புடிச்சிட்டேண்ணே!"

"இருநூத்திப் பத்தாம் பக்கத்துல, அந்தக் கிரேன் மேல..."

"அங்கதாண்ணே எனக்கும் டவுட்டு வந்துச்சு!"

இருவரும் சிரித்தார்கள். அந்த அறையில் நாவல் படித்தவர்கள் இரண்டே பேர்தான் என்பது மற்ற எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

லூயிஸ் சார் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார், மாட்டினார். பிறகு கடைசி வரிசை வரைக்கும் நடந்து வந்து, ரொம்ப தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாரு எல்சி?"

அக்கா தாளை மடித்துக் கைப்பையில் வைத்து மூடினார்.

"முன்னூத்தி எண்பத்தி நாலு பக்கம் கீது. படிச்சிகினு வா. அப்பால தரேன்."

இது நடந்து ஒரு மாதம் ஆகிறது. லூயிஸ் சார் நூற்று முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறார். நாற்பதைத் தாண்டி வரிசையாக அவர் போவது இதுதான் முதல் தடவை, நேற்றுக்கூட, "மாமு, நடுவுல இவ்ளோ விசயம் வெக்கிறானுங்களா?" என்று என்னிடம் கேட்டார். குறுக்கு வழிக்கும் முயன்றார். காசிமேட்டுக்குப் போய்ப் பொன்னுரங்கத்துக்கு டீ வாங்கிக் கொடுத்தாராம். பொன்னுரங்கம் டீயைக் குடித்துவிட்டுப் படகில் ஏறிவிட்டாராம். கடைசி ஃபாரம் இன்னும் எல்சி அக்காவிடம்தான் இருக்கிறது. அது வேண்டுமென்றால், இருநூற்றுப் பத்தாம் பக்கத்தில் கிரேன் மேல் உட்கார்ந்திருந்தது யார் என்று அக்கா கேட்பார். சரியாகச் சொன்னால்தான் கிடைக்கும்.

என் பதிவேட்டில் அந்த நாவலுக்காக இப்போது ஏழு பேர் காத்திருக்கிறார்கள். ஏழு பேரும் ஏற்கெனவே படித்தவர்கள். பெயருக்கு எதிரே 'மறுவாசிப்பு' என்று எழுதச் சொன்னார்கள், எழுதியிருக்கிறேன். முதல் பெயர் பென்னி. இரண்டாவது பெயர் என்னுடையது. ஆமாம், அந்தக் குடையைப் பற்றி லூயிஸ் சார் பேசியபோது கை தட்டிய அந்த யாரோ நான்தான்.

நீங்கள் அப்படி இல்லை என்று தெரியும். நீங்கள் எந்தப் புத்தகத்தையும் ஒட்டியிருக்கும் தாள்களைப் பிரித்துப் பிரித்து முதலிலிருந்து படிக்கிறவர். இந்தப் பத்தியைக்கூட மேலே இருப்பதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் பார்க்கிறீர்கள், முதலில் இங்கே வந்து எட்டிப் பார்க்கவில்லை. நல்லது. ஆனாலும் ஒரு வார்த்தை. ஷாகுல் ஹமீது பாய் கடையில் இப்போது வேலை அதிகமாம். மூட்டை மூட்டையாகப் புத்தகங்கள் வருகின்றனவாம். தைப்பது எல்சி அக்காதான். இது எப்படி முடிகிறது என்று நாலு பேரிடம் பெருமூச்சு விட்டுச் சொல்வதற்கு முன்னால், நீங்கள் படித்தது இதனுடைய முடிவுதானா என்று பக்க எண்ணை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.